தூங்கானை மாடமும் தகரக் கூரையும்

முகப்பேரை அடுத்துள்ள பாடியில், தொழிற்சாலை மதில்களுக்கும் மேம்பாலத்தின் இரைச்சலுக்கும் இடையே, திருஞானசம்பந்தரின் பாடல் பெற்ற திருவலிதாயம் என்னும் சிவாலயம் இருப்பதும், வியாழக்கிழமைதோறும் குரு பகவானின் அனுக்கிரகத்தை நாடி அங்கே பெருங்கூட்டம் கூடுவதும் இப்பகுதியில் வசிப்போர் நன்கறிந்தவையே. ஆயினும் அவ்வாறு வருவோரில் மிகப் பலர், கர்ப்பகிருஹத்தைப் பிரதட்சிணம் செய்கையில், அதன் பின்சுவர் மற்றக் கோயில்களிற்போல இரண்டு மூலைகளில் மடங்கித் திரும்பாமல், அரைவட்டமாக வளைந்து ஒரே ஓட்டத்தில் தென்புறத்திலிருந்து வடபுறம் சென்று சேர்வதையும், அதற்கேற்ப மேலே விமானமும் முன்னே நிமிர்ந்த முகப்பும் பின்னே உருண்டு சரியும் முதுகுமாக அமைந்திருப்பதையும் கவனிப்பதில்லை. கவனியாதது அவர்கள் குற்றமன்று, காட்டுவார் இல்லை.

சிற்ப சாஸ்திரம் கஜபிருஷ்டம் என்று குறிக்கும் இவ்வமைப்புக்குத் தமிழில் தூங்கானை மாடம் என்ற பெயர் தேவார காலத்திலேயே வழங்கியது. பெண்ணாகடத்துக் கோயிலைச் சம்பந்தர் அப்பெயராலேயே பாடியிருக்கிறார். பார்ப்பதற்கு எளிதாகத் தோன்றும் இவ்வடிவம் கட்டுவோனுக்கு எளிதன்று. சதுரமான கருவறைக்குக் கல் அறுக்கும் தச்சன் நூலையும் மூலைமட்டத்தையும் துணைக்கொண்டு தன் வேலையைச் செம்மையாக முடித்துவிடலாம். தூங்கானை மாடத்திலோ, உபானம், ஜகதி, குமுதம், பட்டிகை என்று அதிஷ்டானம் என்னும் அடித்தளத்தின் ஒவ்வொரு வரியும் பின்புறத்தில் வளைந்தாக வேண்டும். ஆகையால் ஒவ்வொரு கல்லும் வெளிப்புறம் அகன்றும் உட்புறம் குறுகியும், தனக்கு இடப்பக்கத்துக் கல்லோடும் வலப்பக்கத்துக் கல்லோடும் இழையளவும் பிசகாமல் பொருந்துமாறு தனித்தனியே செதுக்கப்பட வேண்டும். அவற்றுள்ளும் உருண்டு திரண்ட குமுதத்தைச் செதுக்குவதுதான் மிகக் கடினம்; மேலிருந்து கீழாக ஒரு வளைவும் பக்கவாட்டில் வேறொரு வளைவும் ஒரே கல்லில் கூடி வரவேண்டும். அடித்தளத்தில் தொடங்கும் அவ்வளைவு சுவரின் வழியாகவும் அதன் மேல் அமையும் பிரஸ்தரத்தின் வழியாகவும் மேலேறி, சிகரத்தில் யானையின் முதுகாக முடிவடைய, சதுர விமானத்தின் உச்சியில் நிற்கும் ஒற்றை ஸ்தூபிக்குப் பதிலாக இங்கே முகட்டின் நீளத்துக்குக் கலசங்கள் வரிசையாக நிற்கின்றன.

இத்தகைய கோயில்கள் தமிழகத்தின் பல பகுதிகளிலும் ஆங்காங்கே உண்டு. எனினும் அவை செறிந்து காணப்படுவது நமது தொண்டை மண்டலத்தில்தான். முகப்பேரிலிருந்து புறப்பட்டால், பாடியைத் தவிர, வடமேற்கே திருமுல்லைவாயில், மேற்கே திருவேற்காடு, தெற்கே கோவூர், திரிசூலம், இன்னும் சற்றுத் தள்ளி மணிமங்கலம், கிழக்கே கடலோரத்துத் திருவொற்றியூர் என்று, காலையில் கிளம்பி இரவுக்குள் பார்த்துத் திரும்பக்கூடிய தொலைவில் இத்தனை தூங்கானை மாடங்கள் இருக்கின்றன. நம் வீட்டுக் குழந்தைகளைத் தஞ்சைக்கும் மதுரைக்கும் அழைத்துச் சென்று காட்டுகிறோம், அது வேண்டியதுதான், ஆனால் மாநகரப் பேருந்திலேயே சென்று பார்க்கத்தக்க இவ்வரிய செல்வத்தை ஒரு பள்ளிக்கூடமாவது மாணவரை வரிசையாக நிறுத்திக் காட்டியதாக நான் கேள்விப்பட்டதில்லை.

இக்கோயில்களுள் கலை நோக்கில் தலைசிறந்தது எதுவென்று என்னைக் கேட்டால், திருத்தணியில் உள்ள வீரட்டானேசுவரர் கோயிலையே சொல்வேன். முருகன் மலைக்கு ஏறிச் செல்லும் பெருங்கூட்டத்தில் பலர் இப்படியொரு கோயில் அவ்வூரில் இருப்பதையே அறியார். 9ஆம் நூற்றாண்டின் இறுதியில், பல்லவ வம்சத்தின் அந்திக் காலத்தில் ஆண்ட அபராஜிதனின் நாளில், நம்பி அப்பி என்பார் கருங்கல்லால் எழுப்பிய அக்கோயிலை ஒருவர் சில நிமிஷங்களில் சுற்றி வந்துவிடலாம். ஆனால் அதன் அளவுப் பொருத்தத்தை ரசிப்பதற்கு ஒரு பகற்பொழுது போதாது. அங்குள்ள சாசனங்களில் ஒரு வெண்பாவும் இருக்கிறது. அதை இயற்றியவர் அரசரே என்று சாசனம் கூறுகிறது. ராஜ்யம் கைநழுவிக்கொண்டிருந்த காலத்தில் ஓர் அரசன், தன் தலைநகரிலிருந்து விலகிய சிற்றூரில் வேறொருவர் கட்டிய சிறு கோயிலுக்காக வெண்பா புனைந்தான் என்றால், அக்காலத்தார் சிறியவற்றை எவ்வளவு பெரிதாக மதித்தனர் என்பதற்கு வேறு பிரமாணம் வேண்டுமா?

திருவொற்றியூரின் பெருமை வேறு விதமானது. முதலாம் ராஜேந்திர சோழன் காலத்தில், அங்கிருந்த மடத்தின் தலைவரான சதுரானன பண்டிதரின் வேண்டுகோளின்படி, மூன்று தளங்களையுடைய தூங்கானை மாடத்தைக் கருங்கல்லால் நிர்மாணித்தவன் ரவி என்னும் வீரசோழத் தச்சன் என்று சாசனமே பெயர் சொல்கிறது. நம் நாட்டில் கோயிலைக் கட்டுவித்தவனின் பெயர் நிற்கும்; கட்டிய தச்சனின் பெயர் பெரும்பாலும் மறைந்துபோகும். அப்படியிருக்க, ஆயிரம் ஆண்டுகளுக்குப் பின்னும் ஒரு தச்சனைப் பெயரிட்டு அழைக்கும் பாக்கியத்தை நமக்கு அளித்த அச்சாசனம் விலைமதிப்பற்றதன்றோ?

இவ்வடிவம் எங்கிருந்து வந்தது என்ற கேள்விக்கு, மூங்கிலை வளைத்துக் கூரை வேய்ந்த ஆதி காலத்துக் குடில்களிலிருந்து என்பதே பலரும் ஒப்பும் விடை. மகாராஷ்டிரத்தில் கார்லே குகையிலுள்ள பௌத்த சைத்தியத்தின் கல் விதானத்தில், எதையும் தாங்க வேண்டிய அவசியம் இல்லாத மரவளைகள் இன்றும் பொருத்தப்பட்டிருப்பது, கல்லில் குடைந்த தச்சனின் மனத்தில் மரக்கட்டடமே இருந்தது என்பதைக் காட்டும். அச்சைத்தியங்களின் பின்கோடியும் அரைவட்டமே. ஆந்திரத்துச் சேஜர்லாவிலும் மகாராஷ்டிரத்துத் தேர் என்னும் ஊரிலும் செங்கல்லால் ஆன அத்தகைய கோயில்கள் இன்றளவும் வழிபாட்டில் உள்ளன. ஆந்திரத்துக் குடிமல்லத்தில் 1973ஆம் ஆண்டையொட்டி நடந்த அகழாய்வில், இப்போதுள்ள தூங்கானை மாடத்துக்கு அடியில் அதே வடிவில் இன்னும் பழைய செங்கற்கட்டடம் ஒன்று வெளிப்பட்டது. மாமல்லபுரத்துச் சிற்பியோ இவ்விஷயத்தில் சற்று விளையாடியும் இருக்கிறான்: சகாதேவ ரதம் என்று நாம் அழைக்கும் தூங்கானை மாடத்துக்குப் பக்கத்திலேயே ஒரு கல் யானையையும் நிறுத்தி, இரண்டு முதுகுகளையும் ஒப்பிட்டுப் பார்த்துக்கொள்ளுமாறு விட்டுவிட்டான். மேல்நாட்டிலும் ரோமாபுரியின் பழைய நியாய மண்டபங்களில் இருந்த அரைவட்டக் கோடியைக் கிறிஸ்தவர்கள் தங்கள் ஆலயங்களுக்கு எடுத்துக்கொண்டனர். ஐரோப்பாவின் சிற்றூர் ஆலயங்கள் பலவற்றில் பலிபீடம் இருப்பது அந்த வளைவுக்குள்தான். பௌத்தர், சைவர், கிறிஸ்தவர் ஆகிய முச்சாராரும், ஒருவரைப் பார்த்து ஒருவர் செய்தார்களோ இல்லையோ, தெய்வ சந்நிதானத்தைச் சுற்றி மூலையில்லாத ஒரு சுவரை எழுப்பினர் என்பது சிந்திக்கத் தக்கது.

மயிலை சீனி. வேங்கடசாமி அவர்கள் தமது ‘தமிழர் வளர்த்த அழகுக் கலைகள்’ என்ற நூலில் கோயில் வகைகளைப் பொதுமக்களுக்கு விளங்குமாறு எடுத்துரைத்து அறுபது ஆண்டுகளுக்கு மேலாகிறது. அதற்குப் பின் ஆராய்ச்சி எவ்வளவோ வளர்ந்திருக்கிறது. ஆனால் அந்த அறிவு கோயில் வாசலைத் தாண்டி உள்ளே வரவில்லை.

நம் சுற்றுப்புறத்துத் தூங்கானை மாடங்கள் நகரத்துக்காகக் கட்டப்பட்ட கோயில்கள் அல்ல. தொண்டை மண்டலத்தின் இருபத்து நான்கு கோட்டங்களுள் புழற்கோட்டம் முதலியவற்றில், ஏரிகளை நம்பி நெல் விளைவித்த சிற்றூர்களின் கோயில்கள் இவை. சோழர் காலத்தில் ஒரு குடியானவனோ வியாபாரியோ கோயிலில் நந்தா விளக்கு எரிக்க விரும்பினால், தொண்ணூறு அல்லது தொண்ணூற்றாறு ஆடுகளை அளிப்பான். அவற்றை மேய்க்கும் இடையர் நாள்தோறும் அளவு தவறாமல் நெய் கொண்டுவந்து ஊற்றுவர். அந்த ஏற்பாடு சந்திர சூரியர் உள்ளவரை நிற்கும் என்று கல்லில் வெட்டப்படும். கோயிற்சுவர் அவ்வூரின் பதிவு அலுவலகமாகவும் இருந்தது. நிலத்தின் எல்லை, ஏரியின் மதகு, வரிவிலக்கு, சபையின் தீர்மானம் எல்லாம் அங்கேதான் எழுதப்பட்டன. அவ்வூர்களின் நிலை இன்று வேறு. அம்பத்தூரில் 1964இல் தொழிற்பேட்டை வந்தது. பாடியில் மோட்டார் உறுப்புகள் செய்யும் ஆலைகள் எழுந்தன. முகப்பேரில் வீட்டு வசதி வாரியத்தின் குடியிருப்புகள் தெருத்தெருவாகப் பெருகின. அங்கே ‘ஏரித் திட்டம்’ என்று விலாசம் எழுதுவோரில் பலர் அந்த ஏரியைக் கண்டதில்லை. 2011இல் அம்பத்தூர் நகராட்சி முழுவதும் சென்னை மாநகராட்சியில் சேர்ந்தது. குழந்தைப்பேறு வேண்டித் தம்பதியர் வந்து தொழும் முகப்பேர்ச் சந்தான சீனிவாசப் பெருமாள் கோயிலும் இப்போது அடுக்குமாடி வீடுகளின் நடுவே நிற்கிறது. ஜனங்கள் பெருகினால் பக்தரும் பெருகுவர். பக்தர் பெருகினால் பணமும் வரும். பணம் வந்தால் திருப்பணி நடக்கும். நான் இன்று பேச விரும்புவது அத்திருப்பணியைப் பற்றியே.

வறுமையால் பாழான கோயில்கள் உண்டு. ஆனால் நம் சுற்றுப்புறத்துச் சிறு கோயில்களுக்கு இப்போது நேர்ந்திருக்கும் அபாயம் வறுமையன்று, செழிப்பு. பன்னிரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை கும்பாபிஷேகம் செய்வது நம் சம்பிரதாயம். அதற்கு முன்னர் பாலாலயம் செய்து, மூர்த்தியின் சாந்நித்தியத்தை வேறிடத்தில் எழுந்தருளச் செய்துவிட்டு, சாரம் கட்டி ஜீர்ணோத்தாரண வேலைகளைத் தொடங்குகிறார்கள். அந்தச் சில மாதங்களில் ஒரு விமானம் அடையும் மாறுதல், அதற்கு முந்தைய சில நூற்றாண்டுகளில் மழையும் வெயிலும் செய்த மாறுதலைவிடப் பெரிது. பெயர் சொல்ல நான் விரும்பாத ஒரு சிற்றூர்க் கோயிலில், வளைந்த பின்சுவரின் மேல், துடைப்பதற்கு எளிது என்பதற்காக, இடுப்பளவுக்குக் குளியலறைத் தளஓடுகளைப் பதித்திருந்ததைக் கண்டேன். தட்டையான ஓடு வளைவில் படியாதாகையால் அதைத் துண்டு துண்டாக உடைத்து ஒட்டியிருந்தார்கள். எழுத்துகள் இருந்த வரிகள் அதற்குள் இருக்கின்றனவா, அல்லது ஒட்டுவதற்காகக் கொத்தப்பட்டுவிட்டனவா என்று சொல்லக்கூடியவர் அங்கே ஒருவருமில்லை.

இவ்வாறு நேரும் கேடுகள் பலவகை. மேற்புறம் செங்கல்லும் சுதையுமாக உள்ள விமானங்களைச் சிமெண்டால் பூசுகிறார்கள். சுண்ணாம்பை நீற்றி மணலோடு அரைத்துக் கடுக்காயும் வெல்லமும் ஊறிய நீரால் பதப்படுத்திய பழைய காரை, உள்ளே புகுந்த ஈரத்தை வெளியே விடும் தன்மையுடையது. சிமெண்டோ ஈரத்தை உள்ளேயே அடைத்து வைத்துவிடும். வெளியே பளபளப்பாகத் தோன்றும்போதே உள்ளே செங்கல் உளுத்துக்கொண்டிருக்கும். சுதைச் சிற்பங்கள் ஒவ்வொரு கும்பாபிஷேகத்திலும் இன்னும் சில கூடுகின்றன. அவற்றுக்குப் பூசப்படும் வர்ணங்களின் ஆரவாரத்தில் விமானத்தின் வளைவு கண்ணுக்குப் புலப்படாமற் போகிறது. கல்லைச் சுத்தம் செய்வதற்காக விசையுடன் மணலைப் பாய்ச்சும் முறை, எழுத்துகளையும் சிற்பங்களின் முகங்களையும் தேய்த்து அழித்துவிடுவதால், தடை செய்யப்பட்டுவிட்டது. ஆயினும் அதற்குள் அது விளைத்த நஷ்டம் மீட்கக்கூடியதன்று. இவற்றோடு தெருவும் ஒரு பகையாயிற்று. பழைய தாரைச் சுரண்டி எடுக்காமல் அதன் மேலேயே புதிய தாரை இட்டு இட்டு நம் சாலைகள் உயர்ந்துகொண்டே செல்ல, கோயில்கள் பள்ளத்தில் தாழ்ந்து, கார்த்திகை மழையில் பிராகாரத்தில் தண்ணீர் தேங்குகிறது. அதைத் தவிர்ப்பதற்குப் பிராகாரத்தையும் மண்ணிட்டு உயர்த்திக் கிரானைட் பலகை பதிக்கிறார்கள். உபானமும் ஜகதியும் தரைக்குள் மறைகின்றன. கல்வெட்டுகளில் கணிசமானவை வெட்டப்பட்டிருப்பது அந்த வரிகளில்தான்.

இனி, தகரக் கூரை. வெயிலில் நிற்கும் பக்தருக்கு நிழல் வேண்டும் என்பதை யார் மறுப்பார்? ஆனால் அந்நிழலை விமானத்தின் கழுத்திலேயே இரும்புச் சட்டத்தைச் செருகி அமைக்க வேண்டுமா? பிராகாரம் முழுவதையும் தகரத்தால் மூடிவிட்டால், வலம் வருவோர் நிமிர்ந்து பார்த்தால் தெரிவது துருவும் மின்விசிறியுமே. தச்சன் பல மாதங்கள் வருந்தி வளைத்த யானை முதுகைக் காண வேண்டுமானால் அடுத்த வீட்டு மொட்டை மாடிக்குத்தான் ஏற வேண்டும்.

இதற்கு மாறாகச் சொல்லப்படும் வாதம் எனக்குத் தெரியும். அதில் பலமும் உண்டு. கோயில் அருங்காட்சியகம் அல்ல. அது வாழும் இடம். ஒவ்வொரு தலைமுறையும் தன் பக்தியை அதில் சேர்ப்பதே மரபு. சோழன் பல்லவனின் செங்கற்கோயிலைப் பிரித்துவிட்டுக் கல்லால் கட்டவில்லையா என்று கேட்பார்கள். கட்டினான்; ஆனால் பிரிப்பதற்கு முன் பழைய சுவரிலிருந்த சாசனங்களைப் படியெடுத்து வைத்து, புதிய சுவரில் மீண்டும் வெட்டச் செய்த உதாரணங்களும் நம் கல்வெட்டுகளிலேயே இருக்கின்றன. முன்னோர் செய்த தர்மம் தம் கையால் அழியக்கூடாது என்ற அச்சம் அவர்களுக்கு இருந்தது. அன்றியும், செங்கல்லைக் கல்லாக்கியவன் குறைந்ததை உயர்ந்ததாக மாற்றினான். கல்லின் மேல் ஓடு ஒட்டுவோர் செய்வது அதற்கு நேர்விரோதம்.

சட்டம் கையைக் கட்டிக்கொண்டிருக்கிறது என்றும் சொல்வதற்கில்லை. 2015 ஜனவரியில் ஓர் ஆங்கில நாளிதழில் வெளிவந்த வாசகர் கடிதம் ஒன்றையே ஆதாரமாகக் கொண்டு சென்னை உயர்நீதிமன்றம் தானாக எடுத்துக்கொண்ட வழக்கில், யுனெஸ்கோவின் வல்லுநர்கள் பல கோயில்களைப் பார்வையிட்டு அறிக்கை தந்தனர். 2021 ஜூனில் நீதிபதிகள் 75 உத்தரவுகளைப் பிறப்பித்தனர். பெரிய கோயில்களின் திருப்பணிக்கு இன்று வல்லுநர் குழுக்களின் சம்மதம் வேண்டியிருக்கிறது. ஆனால் அறநிலையத் துறையின் ஆளுகையில் உள்ள ஆலயங்கள் நாற்பதாயிரத்துக்கு மேல். தொல்லியல் துறையின் நேரடிப் பாதுகாப்பில் உள்ளவையோ அதனோடு ஒப்பிட மிகச் சொற்பம். இவ்வளவு கோயில்களின் சாரத்தடியிலும் ஒரு வல்லுநர் நின்று கவனிப்பது நடக்கக்கூடிய காரியமன்று. சிறு கோயில் பிழைக்க வேண்டுமானால் அதை அவ்வூராரே பிழைக்கச் செய்ய வேண்டும்; அவ்வூரார் என்றால் வாடகைக்கு வந்து குடியேறிய நாமும்தான்.

பாலாலயத்துக்கு நாள் குறிப்பதற்கு முன், கோயிலின் தரையமைப்பையும் நான்கு புறத் தோற்றத்தையும் அளவெடுத்து வரைந்து, ஒவ்வொரு கல்லையும் புகைப்படமாக்கி, எழுத்துள்ள இடங்களை மைப்படி எடுத்து வைப்பது முதல் வேலையாக இருக்க வேண்டும். நம் சுற்றுப்புறத்திலேயே கட்டடக்கலை பயிற்றும் கல்லூரிகள் இருக்கின்றன, அவற்றின் மாணவர்களுக்கு இதைவிடச் சிறந்த பயிற்சி கிடைக்காது. வரைபடத்தின் ஒரு பிரதியைக் கோயில் மண்டபத்திலேயே கண்ணாடியிட்டு மாட்டிவிட்டால், எது பழையது, எது சேர்க்கப்பட்டது என்று ஊராருக்கும் தெரியும், ஒப்பந்தக்காரருக்கும் தெரியும். சிமெண்டை விமானத்தின் மேல் ஏற விடலாகாது. காரை அரைக்கத் தெரிந்த ஸ்தபதிகள் இன்றும் இருக்கிறார்கள், கூலி அதிகமாகும், அதைக் கொடுக்கத்தான் வேண்டும். நிழல் வேண்டுமானால் கட்டடத்தைத் தொடாமல் தனித் தூண்களில் நிற்கும் பந்தலாக, பிரஸ்தரத்தின் மட்டத்துக்குக் கீழே அமைக்கலாம். மாநகராட்சி தன் பங்குக்குக் கோயில்களை ஒட்டிய தெருக்களிலாவது பழைய தாரைச் சுரண்டி எடுத்த பிறகே புதிய தாரை இட வேண்டும். அதற்கு விதி இருக்கிறது, அதை நிறைவேற்ற மனம் வேண்டும்.

கொடையாளிகளுக்கும் ஒரு வார்த்தை. நுழைவாயிலில் சிமெண்ட் வளைவு கட்டித் தம் பெயரைப் பொறிக்க முன்வருவோர் பலர். வரைபடத்துக்கும் காரைக்கும் பணம் கொடுப்போர் அரியர், ஏனெனில் அவை கண்ணுக்குத் தெரிவதில்லை. வரைபடத்தின் கீழ்மூலையில் கொடையாளியின் பெயரை எழுதுவதில் ஆட்சேபம் ஏதும் இல்லை. வீரசோழத் தச்சனுக்குக் கிடைத்த மரியாதை அவருக்கும் கிடைக்கட்டும். தை பிறந்தால் கும்பாபிஷேக முகூர்த்தங்கள் தொடங்கிவிடும். அதற்காகச் சாரம் கட்டும் கோயில்களில் அளவெடுக்கும் வேலையை இந்த மழைக்கால இடைவெளியிலேயே செய்து முடித்துவிடலாம்.